பிரேக் போகும் முன்பே தெரியும்

விழுப்புரம் மாவட்டத்து இரும்பை கிராமத்திலிருந்து மேற்கே திருவக்கரைப் பக்கம் போனால் கல் குவாரிகளும் கிரஷர்களும் கண்ணில் படத் தொடங்கும். பாறையை அள்ளும் ஹிட்டாச்சி ஒருநாள் நின்றால் முதலாளிக்கு அன்றைய லோடு போகும். சரிவில் இறங்கும் டிப்பரின் பிரேக் கைவிட்டால் போவது ஓட்டுநரின் உயிர். 2022 மே 14 இரவு நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தபோது சிக்கியவர்களும் ஹிட்டாச்சி, லாரிகளில் இருந்தவர்கள்தான். நால்வர் இறந்தார்கள்.

பாறைச் சரிவு வேறு வகை ஆபத்து. மெஷின் கோளாறோ பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடும். உடைந்தபின் மெக்கானிக்கைக் கூப்பிடாமல், அந்த அடையாளத்தைப் பார்த்துப் பழுது நீக்குவதே சரியான பராமரிப்பு.

இன்ஜின் ஆயிலை ஒரு சிறு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், உள்ளே என்ன தேய்கிறது என்று தெரிந்துவிடும். இரும்புத் துகள் கூடினால் சிலிண்டரையும், செம்போ ஈயமோ கூடினால் பேரிங்கையும் கவனிக்க வேண்டும். சிலிக்கன் ஏறினால், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழைகிறது என்று பொருள். குவாரி வண்டிகளுக்குத் தூசிதான் பெரிய எதிரி. ஒரு ரிப்போர்ட் போதாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் எடுத்து, முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டும். சொந்த ஆய்வகம் தேவையில்லை. கனரக வண்டி விற்கும் பெரிய டீலர்கள் பலர் இந்தச் சோதனையைச் செய்து தருகிறார்கள்.

பிரேக்கை ஆயில் ரிப்போர்ட் காட்டாது. ஏர் பிரஷர் மீட்டரின் முள் ஏறத் தாமதிப்பதும், இன்ஜினை அணைத்ததும் மளமளவென்று இறங்குவதும் காற்றுக் கசிவின் அறிகுறி. அதை முதலில் பார்ப்பவர் ஓட்டுநர். அவர் பேச்சுக்கு மதிப்பில்லாத குவாரியில் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 14-ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. பாதுகாப்பு விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லலாம். சுரங்கம், குவாரிகளைக் கண்காணிப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. தேதி, வண்டி எண்ணோடு புகாரை எழுதிக் கொடுத்து, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வழக்கு வந்தால் அதுவே சாட்சி.

விபத்து நடந்துவிட்டால் இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 'நீ கான்ட்ராக்டர் ஆள்' என்று குவாரி நிர்வாகம் கைகழுவ முடியாது; கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் அது பொறுப்பு. வக்கீலுக்குப் பணமில்லை என்றும் ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்குச் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.