'இவர்தான்' என்று கைகாட்டும் முன்

1984 ஜூலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் நகரில், இரவில் வீடு புகுந்த ஒருவன் 22 வயதுக் கல்லூரி மாணவியைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அவர், பிழைத்தால் இவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு காவல்துறை காட்டிய புகைப்படங்களில் ரொனால்டு காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். ஆட்களை வரிசையில் நிறுத்திக் காட்டிய நேரடி அடையாள அணிவகுப்பிலும் அவரையே சுட்டிக்காட்டினார். நீதிமன்றத்திலும் தயக்கமின்றிச் சொன்னார். காட்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1995-ல் மரபணுச் சோதனை வேறொருவனைக் காட்டியது. அவன் பெயர் பாபி பூல். 1987-ல் நடந்த மறுவிசாரணையின்போது அவனை அந்தப் பெண்ணின் எதிரிலேயே நிறுத்தியிருந்தார்கள். அவனைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். செய்யாத குற்றத்துக்காகக் காட்டன் பத்தரை ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது. புகைப்பட வரிசையிலும் நேரடி அணிவகுப்பிலும் இடம்பெற்ற ஒரே ஆள் காட்டன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த முகமாகப் பட்டது புகைப்படத்தில் பார்த்த முகம்தான். சரியான ஆளைக் காட்டியதாகக் காவலர்களும் சொன்னதில் உறுதி இன்னும் கூடியது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையான நிரபராதிகளின் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இத்தகைய தவறான அடையாளம் இருந்திருக்கிறது.

கேள்வி கேட்கும் விதமே நினைவைத் திருத்திவிடும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமருடன் சேர்ந்து 1974-ல் காட்டினார். கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, 'கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?' என்று சிலரிடம் கேட்டார்கள். சராசரி விடை மணிக்கு 40 மைல் அளவில் வந்தது. 'ஒன்றையொன்று தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். 'நொறுங்கியபோது' என்ற கேள்வியைச் சந்தித்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

நம் ஊரில் ஒரு விபத்து நடந்தால் என்ன நடக்கிறது? கூடிய கூட்டம் ஆளுக்கொன்று பேசுகிறது. அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் காணொளி வருகிறது. மாலையில் தொலைக்காட்சி. மறுநாள் வாக்குமூலம் கொடுப்பவர் தன் கண்ணால் பார்த்தது எது, பிறர் வாயால் கேட்டது எது என்று பிரித்தறிவது மிகக் கடினம்.

ஆகவே, எதையாவது நேரில் பார்த்தவர் யாரோடும் பேசுவதற்கு முன்பே தன் கைப்பட எழுதிவைப்பது நல்லது. எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் எப்படி, எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 162-வது பிரிவு, சம்பவத்தின்போதோ அது முடிந்த உடனேயோ சாட்சி எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள இடமளிக்கிறது. அந்தக் குறிப்பை எதிர்த்தரப்பும் பார்க்கக் கேட்கலாம். அதனால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

புலனாய்வின்போது காவல்துறையிடம் கொடுக்கும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. (புகார் கொடுப்பவர் முதல் தகவல் அறிக்கைக்காகப் போடும் கையெழுத்து வேறு.) பெண் சாட்சிகள் தாங்களே விரும்பிக் காவல் நிலையத்துக்கு வந்தாலொழிய, அவர்களை விசாரிக்க அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் காவல்துறை வர வேண்டும்.

'தெரியாது', 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பவை முழுமையான பதில்கள். அப்படிச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் பலர் ஊகத்தை உண்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ சொல்வதுதான் பொய்ச்சாட்சிக் குற்றம். நேர்மையான தவறு அந்தக் குற்றத்தில் வராது. ஆனால் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொன்னால் அதுவும் பொய்ச்சாட்சிதான்.

அடையாள அணிவகுப்புக்கு அழைக்கப்படுபவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: பார்த்த ஆள் அந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம். யாரையும் காட்டாமல் திரும்பி வருவதில் தவறே இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் குடும்பத்துக்கு இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். அணிவகுப்புக்கு முன்பே அவரைச் சாட்சிக்குக் காட்டிவிட்டாலோ, படம் செய்தித்தாளில் வந்துவிட்டாலோ, அந்த அடையாளத்தின் மதிப்பு பெரிதும் குறையும். அப்படி நடந்திருந்தால் அணிவகுப்பை நடத்தும் நீதித்துறை நடுவரிடம் அப்போதே ஆட்சேபம் சொல்லி, அதைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். படம் வெளியான செய்தித்தாளைத் தேதியோடு எடுத்துவைத்து வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். அணிவகுப்பு என்பது நீதிமன்றத்தில் சொல்லும் சாட்சியத்துக்கு வலுச்சேர்ப்பது மட்டுமே. தனியாக நின்று குற்றத்தை நிரூபிக்காது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.