வெண்பனியை அளந்த கப்பல்

ஆர்க்டிக் கடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் மேல் படிந்திருக்கும் வெண்பனியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சில அங்குலத் தடிமனே உள்ள அந்தப் படலம்தான் கீழே உள்ள கட்டியின் வளர்ச்சியையும் தேய்வையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

குளிர்காலத்தில் அது கம்பளிப் போர்வை. வெளியே மைனஸ் 30 டிகிரி. அடியில் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி. நீரின் வெப்பம் மேலேறி வெளியேறினால்தான் கட்டி தடிக்கும். காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் வெண்பனி அதை எளிதில் விடுவதில்லை. கோடை வந்ததும் அதே வெண்பனி காவலாக மாறுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அது உருகிக் குட்டைகளாகத் தேங்கினால், கருத்த நீர் வெயிலை உறிஞ்சிக் கட்டியைக் கரைக்கும்.

இதை ஆண்டு முழுவதும் கூடவே இருந்து பார்க்கக் கிளம்பியதுதான் மொசைக் பயணம். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் தலைமையேற்க, 20 நாடுகள் கைகோத்தன. 2019 செப்டம்பரில் நார்வேயின் துரோம்சோவிலிருந்து கிளம்பிய ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பல், ஒரு பனிப்பாளத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, அது போன போக்கில் மாதக்கணக்கில் மிதந்தது. 1893இல் நார்வே துருவ ஆய்வாளர் நான்சன் தம் ‘ஃபிராம்’ கப்பலைப் பனியில் உறையவிட்ட அதே வழி.

துருவ இரவின் இருட்டில், நெற்றி விளக்கோடு, பனிக்கரடி வருகிறதா என்று பார்க்கும் காவலர் துணையிருக்க, ஆய்வாளர்கள் பாளத்தின் மேல் நடந்தே அளந்தார்கள். ஒரு கருவி வெறும் கம்பிபோல்தான் தெரியும். அதைக் குத்தினால் முனை கட்டியில் இடிக்கும். கம்பியில் வழுக்கும் வட்டத்தட்டு வெண்பனியின் மேற்பரப்பில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆழம். பொத்தானை அழுத்தினால் அளவும் ஜிபிஎஸ் இருப்பிடமும் பதிவாகும். அடுத்த அடிக்கு நகரலாம். இன்னொரு கருவியில், மோட்டார் ஒரு மெல்லிய முனையை வெண்பனிக்குள் மெதுவாகச் செலுத்தும். வழியில் உடையும் படிகங்கள் தரும் எதிர்ப்பை, ஒரு மில்லிமீட்டருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அது குறித்துக்கொள்ளும். எந்த அடுக்கு இறுகியது, எந்த அடுக்கு உதிரி என்பது வரைபடமாகக் கிடைத்துவிடும்.

செயற்கைக்கோள்கள் இருக்க இத்தனை பாடு எதற்கு? கட்டி நீருக்கு மேல் எவ்வளவு தலைநீட்டுகிறது என்பதை வைத்தே அவை அதன் முழுத் தடிமனைக் கணிக்கின்றன. அந்தக் கணக்குக்கு மேலே படிந்த வெண்பனியின் ஆழமும் தெரிய வேண்டும். கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதால், அந்த ஆழத்தில் சில சென்டிமீட்டர் தவறினாலும் தடிமன் கணக்கில் அது பல மடங்காகப் பெருகிவிடும். ஆர்க்டிக் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று விண்ணிலிருந்து சரியாகச் சொல்ல, பாளத்தின் மேல் கால்நடையாக எடுத்த அளவுகள் தேவைப்படுகின்றன.