பேய்க்காட்சி விளக்குகளும் மழையும்

நவம்பர் 1-ஆம் நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு முந்திய இரவே ஹாலோவீன் எனப்படுவது. அமெரிக்காவிலே கலிபோர்னியாவிலுள்ள நாட்ஸ் பெர்ரி பார்ம் என்னும் கேளிக்கைப் பூங்காவில், இப்பருவத்துப் பேய்க்காட்சிகள் 1973-ஆம் ஆண்டில் தொடங்கின. இத்தகைய காட்சிகளில் புகையை எழுப்பி, அதனூடே வண்ண ஒளியைச் செலுத்தி, நடப்போரை அச்சுறுத்துவர். அவ்விளக்குகளின் காவலை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாடகசாலை விளக்குகளிற் பல கூரையின்கீழ் எரிவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை வெட்டவெளியில் வைப்பின் நேர்வது யாது? விளக்கு எரியுங்கால் உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறும். அணைந்தபின் குளிர்ந்து சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அவ்வீரம் நீர்த்துளியாகி மின்னுறுப்புகளிற் படியும். ஆதலின் மழையில்லா இரவிலும் கேடு விளையக்கூடும்.

இதனை விலக்க ஐ.பி. 65 என்னும் குறியுடைய விளக்குகளைக் கொள்ளுதல் நலம். 6 என்பது தூசி புகாமையையும், 5 என்பது பீறிட்டு வரும் நீரைத் தாங்குதலையும் குறிக்கும். ஐ.பி. 20 என்றிருப்பின், அப்பூஜ்யம் நீர்க்காப்பு இன்மையைக் காட்டும். விளக்கினுட் புகும் கம்பியைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துவிட்டால், வழியும் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். அன்றியும், ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்த அளவிலேயே இணைப்பை அறுக்கும் கருவியும் அங்கு இன்றியமையாதது.

காண்போர் பொருள் கொடுத்து நாடுவது பொய்யச்சத்தையே. மெய்யான அபாயம் அவர்களையேனும், இருளில் ஈரக்கையுடன் விளக்கைத் திருப்பும் தொழிலாளியையேனும் அணுகாவண்ணம் காத்தல் நடத்துவோரின் கடனாம்.