மூடுபனியில் ஒரு மூன்று கால் பூச்சி

ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்கி, ஏரியில் படகு விட்டு, பக்கோடா முனையில் காற்று வாங்கி, சேர்வராயன் கோயிலில் கற்பூரம் ஏற்றி முடிப்பது வழக்கம். காப்பியைப் பற்றியும் இரண்டு வரி இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பிச் செடி நட்ட கதையை விட்டுவிட்டால் கட்டுரை பூர்த்தியாகாது என்று ஓர் எண்ணம் உண்டு. நாமும் அந்தக் கடனை இங்கேயே தீர்த்துவிட்டோம். இனி நாம் எழுதப்போவது மூன்று கால்களுள்ள ஒரு சிறு கறுப்புப் பூச்சியைப் பற்றி. உருவத்தில் அது மிளகை விடச் சற்றுப் பெரிது. விலை சில ரூபாய்தான். டிரான்ஸிஸ்டர் என்பது அதன் குலப்பெயர்.

முதலில் பூச்சி குடியேற வேண்டிய வீட்டைச் சொல்ல வேண்டும். ஜப்பானிலுள்ள கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனியார் 1983-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி ‘பாமிகாம்’ என்ற விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டார்கள். அதைப் பார்த்துச் செய்த நகல்கள் தைவானிலும் சீனாவிலும் ஏராளமாகப் பிறந்து, 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளை நிரப்பின. பல பெயர்கள், பல நிறங்கள்; உள்ளே இருந்த சூட்சுமம் ஒன்றே. ‘வீடியோ கேம்’ என்றால் நம் வீடுகளில் அந்தப் பெட்டிதான். செருகும் விளையாட்டுக்குக் ‘கேசட்’ என்று நாமகரணம் செய்தவர் யாரோ, தெரியவில்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மீசைக்கார மரியோ காளானை உண்டு வளர்ந்ததையும், துப்பாக்கியால் வாத்துச் சுட்டதையும் இன்று நாற்பது வயதை நெருங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சை மார்க்குகள் மறந்திருக்கும், இவை மறந்திரா.

இந்த யந்திரங்களுக்கு ஒரு குறை உண்டு. அவை பிறந்த காலத்தில் பெரும்பாலான தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஆகாயக் கம்பியைச் செருகும் துவாரம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே யந்திரம் தன் படத்தை ஒரு வானொலி அலையின் மேல் ஏற்றி, தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் போல வேஷம் போட்டு, காலியாக உள்ள சானல் வழியே பெட்டிக்குள் புகும். பெட்டி அந்த அலையிலிருந்து படத்தை மறுபடியும் பிரித்தெடுக்கும். ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்குவதில் நிறம் கலங்கும், எழுத்துக்களின் ஓரம் தேயும், புள்ளிப் புள்ளியாகப் ‘பனி’ பெய்யும். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய பிறகு, வெகு தூரத்திலிருந்து வரும் அலையை உயரமான கம்பியாலும் ‘பூஸ்டர்’ பெட்டியாலும் பிடித்துப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அந்தப் பனி ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பே 2022 வாக்கில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

வானொலி வேஷத்தைக் கலைத்துவிட்டு, படத்தை நேராக மஞ்சள் நிறத் துவாரத்தின் வழியே கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். அங்கேதான் நம்முடைய பூச்சி வருகிறது.

யந்திரத்துக்குள் படம் வரையும் சில்லு ஒன்று இருக்கிறது. நாற்பது கால்களுள்ள அந்தச் சில்லின் 21-வது கால் வழியே படம் மின்சாரமாக வெளிவருகிறது. அதன் வோல்ட் அளவில் குறைவில்லை. ஆனால் பின்னால் நிற்கும் பலம் மிகச் சொற்பம். தொலைக்காட்சிப் பெட்டி எதிர்பார்ப்பதோ 75 ஓம் தடையின் குறுக்கே 1 வோல்ட். கணக்குப் போட்டால் சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓட்டம் வேண்டும். சில்லின் காலிலிருந்து நேரே ஒரு கம்பியை இழுத்துப் பெட்டியில் மாட்டினால், படம் மங்கிச் சரிந்து உருண்டோடிவிடும்.

ஏரி மதகைப் பார்த்திருப்பீர்கள். மதகின் திருகைத் திருப்புகிறவனுடைய கைபலம் சிறிது. வெளியே பாயும் தண்ணீரின் பலமோ ஏரியினுடையது. அவன் தண்ணீரை உண்டாக்குவதில்லை. எவ்வளவு பாய வேண்டும் என்று கட்டளையிடுகிறான். டிரான்ஸிஸ்டரின் ஒரு கால் அந்தத் திருகு. சில்லிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை அதைத் திருப்புகிறது. யந்திரத்தின் 5 வோல்ட் மின்சாரமாகிய ஏரியிலிருந்து, அதே ஏற்ற இறக்கத்தோடு, பன்மடங்கு பலமான ஓட்டம் மற்றக் கால்களின் வழியே பாய்கிறது.

பாட்டைப் பெருக்கும் பெட்டியை இதற்கு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மனிதனுடைய காது விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. பாட்டுப் பெட்டி அதற்கு மேல் போக வேண்டிய அவசியமில்லை. படமோ விநாடிக்கு 50 லட்சம் அதிர்வு வரை ஓட வேண்டும். நம் நாட்டு முறையில் ஒரு விநாடியில் 15,625 வரிகள் திரையில் எழுதப்படுகின்றன. ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் 64 பங்கு. அதற்குள் மரியோவின் மீசையும், தொப்பியும், பின்னாலுள்ள மேகமும் முடிந்தாக வேண்டும்! சாவகாசமாக நடக்கிற பெருக்கி இங்கே உதவாது.

சேர்வராயன் மலையில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த வேலை நடந்ததை நாம் கூட இருந்து பார்த்தோம். வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். பேத்தி சேலத்தில் இஞ்சினீரிங் படிக்கிறாள். யந்திரம் அவளுடைய தகப்பனார் சிறுவயதில் விளையாடியது. அவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவதற்குள் அதை உயிர்ப்பித்து வைக்க வேண்டுமென்பது அவள் சங்கற்பம். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியின் அடியில் அவர் பிள்ளைக் கையெழுத்தில் தம் பெயரைக் கீறி வைத்திருந்தார். அதைக் கடையில் வாங்க முடியாது.

“தாத்தா, இதைப் பிரிக்கட்டுமா?”

“பிரி, கண்ணு. மறுபடி சேர்க்கத் தெரியும் அல்லவா?”

“படம் வரைந்து வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன்.”

அந்தப் பதில் நமக்கு மிகவும் பிடித்தது. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) வாலிபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டித்தான் யந்திர வித்தையைக் கற்றார் என்பது நேயர்கள் அறிந்ததே. பிரித்துப் பார்க்கும் துணிச்சல் நம் தேசத்தில் ஒருபோதும் பஞ்சமாக இருந்ததில்லை. பூட்டுவதில்தான் சிலருக்குச் சோம்பல்.

திறந்தவுடன் தெரிந்தது, மலைவாசத்தின் பலன். மாதக்கணக்கில் மூடுபனி சூழும் ஊரில் ஈரம் எங்கும் புகும். கேசட் செருகும் இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. இதற்குப் பனி மட்டும் காரணமன்று. விளையாட்டு ஓடாவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. மூச்சிலுள்ள ஈரம் அந்தச் செம்புக்கு நஞ்சு. அவள் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள்.

பிறகு வேலை. 21-வது காலைச் சுற்றியுள்ள ஈயத்தை உருக்கி உறிஞ்சி, காலை மெதுவாகத் தூக்க வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் இளகாது. கூடினால் பலகையிலுள்ள செம்புக் கோடு உரிந்துவிடும். இழுத்தால் கால் ஒடியும். ஒடிந்தால் யந்திரம் போயிற்று. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை போலும். கால் பத்திரமாக எழுந்தது.

அவள் எடுத்துக்கொண்ட பூச்சி பி.சி. 557 என்ற சாதாரண ரகம். சென்னை ரிச்சித் தெருவில் கைநிறைய அள்ளலாம். தூக்கிய காலிலிருந்து டிரான்ஸிஸ்டரின் நடுக்காலான ‘பேஸு’க்கு ஒரு கம்பி. ‘கலெக்டர்’ என்ற கால் பூமிக்கு. (காக்பர்ன் துரை கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ‘எமிட்டர்’ என்ற கால் 330 ஓம் தடை வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 75 ஓம் தடை, அதன் பின் 220 மைக்ரோபாரட் மின்தேக்கி, அதன் பின் மஞ்சள் துவாரம். முழுச் சுற்றும் ஒரு தபால் தலைக்குள் அடங்கிவிட்டது.

மின்தேக்கி ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டோம். நிலையாக நிற்கும் மின்சாரத்தைத் தடுத்து, ஆடும் மின்சாரத்தை மட்டும் விடுவது அதன் தொழில். ஆனால் படத்தில் மெதுவாக ஆடும் பகுதியும் உண்டு. திரை விநாடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே நிரம்புகிறது. 10 மைக்ரோபாரட் போட்டால் அந்த மெதுவான ஆட்டமும் தடைப்பட்டு, திரையின் உச்சியில் ஒரு வெளிச்சமும் அடியில் வேறொரு வெளிச்சமுமாகத் தெரியும். 220 போட்டால் விநாடிக்கு ஐந்து ஆட்டம் வரை தாராளமாக வழி கிடைக்கிறது. இந்த மின்தேக்கியின் வயிற்றில் சுருட்டியிருப்பது அலுமினியத் தகடு. நாம் நின்றுகொண்டிருந்த சேர்வராயன் மலையிலே வெட்டிய பாக்ஸைட் மண்தான் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று என்பது நினைவுக்கு வந்தது. மலைக்கும் மின்தேக்கிக்கும் உறவு இல்லாமற் போகவில்லை.

படம் வந்தது. பனி இல்லை, ஆகாயம் நீலமாகவே இருந்தது. ஆனால் திரை முழுவதும் ஜெயில் கம்பிகள் போல மெல்லிய நெடுக்குக் கோடுகள்! அவள் முகம் சற்று வாடியது. இது இந்த ஜாதி யந்திரங்களுக்குப் பிறவிக் குணம். படக் காலின் அருகே ஓடும் மற்றக் கம்பிகளில் துடிக்கும் மின்சாரம் படத்தில் தொற்றிக்கொள்கிறது. பரிகாரமும் உண்டு: காலிலிருந்து புறப்படும் கம்பியை விரற்கடை நீளத்துக்குக் குறைத்து, உறையிட்ட கம்பியாக மாற்றி, சில்லின் மின்சாரக் காலுக்கருகில் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றைப் பூமியோடு இணைப்பது. மறுநாள் அப்படிச் செய்தாள். கோடுகள் முழுவதும் ஒழிந்தன என்று சொல்ல மாட்டோம். உற்றுத் தேடினால் தெரியும் அளவுக்குப் பதுங்கிவிட்டன.

எல்லா யந்திரத்துக்கும் ஒற்றைப் பூச்சி போதாது. 1996-ல் வந்த நின்டெண்டோ 64-ன் முதற் பலகைகள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே உள்ளே பிறக்கின்றன. வெளியே வர வாசல்தான் வைக்கவில்லை. அங்கே ஓட்டத்தோடு உயரமும் இரட்டிக்க வேண்டும். ஏனெனில் 75 ஓம் தடையிலும் பெட்டியிலுமாக அளவு பாதியாகிவிடும். டி.எச்.எஸ். 7314 என்ற எட்டுக் கால் சில்லு மூன்று நிறத்தையும் ஒரே சமயத்தில் இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது.

முயன்று பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். விளையாட்டு யந்திரம் குறைந்த வோல்ட்டில் ஓடுவது. அதைத் திறப்பதால் பயமில்லை. பழைய படக்குழாய்ப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. நிறப் பெட்டியின் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் தங்கும். மற்றொன்று, மின்சாரம் கொடுக்கும் அடாப்டர். அசல் பாமிகாமில் நடுமுனை எதிர்மின். நகல்களில் சிலவற்றில் அப்படி, சிலவற்றில் இப்படி. மீட்டர் வைத்துப் பார்க்காமல் கிடைத்ததைச் செருகினால் சில்லு ஒரு நொடியில் கருகும்.