நீச்சலின் முதற்பாடம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தை ஜொகூர்த் தோட்ட மக்கள் மறந்திரார். நீருக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதினும் நீந்தக் கற்பிப்பதே அறிவுடைமை. ஆறு வயது முதல் நீச்சல் கற்பிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனினும் சிறிய குழந்தைகளுக்குக் கண்காணிப்பே காவல்.

கைகால் அடிப்பது முதற்பாடமன்று. பிள்ளை தன் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை நனைத்து, நீருக்குள் மூச்சைக் குமிழியாக விடப் பழகவேண்டும். அடுத்தது மல்லாந்து மிதத்தல். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் உடல் பெரும்பாலும் தானே மிதக்கும்; அச்சத்தால் விறைத்துத் தலையைத் தூக்கினாலோ கால்கள் தாழும். ஆகவே தலைக்கடியில் கைகொடுத்து, பிள்ளைக்கு நம்பிக்கை பிறந்தபின் மெல்ல விலக்குவோம். 'தள்ளிவிட்டால் தானே கற்றுக்கொள்வான்' என்பாரும் நம்மிடையே உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை, அச்சமே எஞ்சும்.

மழைக்காலத்து ஆறு பழகுமிடமன்று. பொது நீச்சற்குளமே ஏற்றது. நீந்தக் கற்ற பிள்ளையையும் தனியே விடலாகாது. மூழ்குவோர் பெரும்பாலும் கூவுவதில்லை. மூச்சுக்கே திணறும் வாயிலிருந்து ஓசை எழாது. கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். அவர் தம் கைத்தொலைபேசியைப் பையிலேயே வைத்துவிடட்டும்.