தப்பான சாவிக்கும் ஆறு இலக்கம்

கணினித் திரையில் தெரியும் கியூஆர் கோடை போனால் ஸ்கேன் செய்தால், இருபடிச் சரிபார்ப்பு ஆப்பில் வேலை முடிந்தது. போன் மட்டுமே வைத்திருப்பவர் என்ன செய்வார்? கோடும் கேமராவும் ஒரே போனில். ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா?’ என்பதைத் தட்டினால் நீளமாக ஒரு ரகசியச் சாவி வரும். காப்பி–பேஸ்ட் கைகொடுத்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் தாளில் எழுதி, பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியதுதான்.

கூகுள் கணக்கில் இந்தச் சாவி 32 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் காட்டுகிறார்கள். பேஸ்-32 என்னும் இந்த முறையில் 26 எழுத்தும் 2 முதல் 7 வரையிலான இலக்கங்களும் மட்டுமே வரும். ‘ஓ’வோடு குழம்பும் பூஜ்யமும், ‘ஐ’, ‘எல்’லோடு குழம்பும் ஒன்றும் கிடையாது. நல்ல ஏற்பாடு, சாவி தட்டுகிறவருக்குத்தான் அது தெரிவதில்லை. தவிர, ஏற்பாடும் அரைகுறை. ‘எஸ்’ஸும் 5-ம், ‘இஸட்’டும் 2-ம், ‘ஜி’யும் 6-ம் பட்டியலில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கின்றன. அவசரத்தில் கிறுக்கியதை மறுநாள் படித்துப் பாருங்கள். சின்ன ‘எல்’லோ, பல எழுத்துருக்களில் பெரிய ‘ஐ’ போலவே ஒற்றைக் கோடு.

பூஜ்யத்தைத் தட்டினால் ஆப் மறுக்கும், அல்லது தானே திருத்திக்கொள்ளும். கூகுள் வெளியிட்ட லினக்ஸ் நிரல் ஒன்று பூஜ்யத்தை ‘ஓ’வாகவும் எட்டை ‘பி’யாகவும் எடுத்துக்கொண்டு, இடைவெளிகளையும் தாண்டிப் போய்விடும். ஆனால் ‘எஸ்’ஸுக்குப் பதில் 5? அதுவும் செல்லும். ஆப் சாவியை வாங்கிக்கொண்டு, 30 விநாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண்ணைக் காட்டத் தொடங்கிவிடும். சாவியையும் நேரத்தையும் சேர்த்துப் போடும் கணக்கில் ஓர் எழுத்து மாறினாலும் விடை அடியோடு மாறும். விடையைப் பார்த்துப் பிழையை ஊகிக்க வழியே இல்லை. இணையதளம் ‘தவறான எண்’ என்று மட்டும் சொல்லும். போன் கடிகாரம் பிசகியிருந்தாலும் அதே பதில்தான். எதைத் திருத்துவது?

ஆதாரின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே வைத்தது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் தப்பினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியொரு காவல் எழுத்து ரகசியச் சாவியில் இல்லை. கியூஆர் கோடில் கொஞ்சம் கறை பட்டாலும் படிக்கும் அளவுக்குப் பிழைதிருத்தம் உண்டு. இயந்திரத்துக்குக் கொடுத்த சலுகையை, அதிகம் தப்புகிற மனிதருக்குக் கொடுக்கவில்லை.

பல தளங்கள் முதல் எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகே வசதியை இயக்குகின்றன. அதனால் ஆப்பில் தட்டிய பிழை அங்கேயே சிக்கும். கோடை ஸ்கேன் செய்துவிட்டு, பத்திரத்துக்காகத் தாளில் எழுதி வைக்கும் சாவியை யாரும் சோதிப்பதில்லை. அதிலுள்ள பிழை போன் தொலைந்த அன்றுதான் வெளியே வரும். எழுதியதும் வீட்டிலுள்ள இன்னொரு போனில் அந்தச் சாவியைத் தட்டுங்கள். கடிகாரம் சரியாக இருந்தால், இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் ஒரே எண் வரவேண்டும். பார்த்த கையோடு இரண்டாவது போனிலிருந்து அதை அழித்துவிடலாம்.