வீட்டை விற்கும்போது விலை வைப்பது எப்படி?

துவரம் பருப்பு, மிளகாய் வற்றல், கடலை எண்ணெய் என்று எந்தச் சரக்கானாலும், விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்க்காமல் நாம் விலை சொல்வதில்லை. மூட்டைக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் வாழ்நாள் சம்பாத்தியமான வீட்டை விற்க நேரும்போது மட்டும், எந்த நிலவரமும் பாராமல் மனதில் பட்ட தொகையைச் சொல்லிவிடுகிறோம். "பக்கத்து வீட்டுக்காரர் எண்பது லட்சம் கேட்கிறார், நம் வீடு என்ன மட்டமா?" என்பதுதான் பலருடைய கணக்கு.

வியாபாரி வீட்டை விற்பது பெரும்பாலும் தேவையை முன்னிட்டுத்தான். கடனை அடைக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வேண்டும். கடைக்கு முதல் போட வேண்டும். குறைத்துச் சொன்னால் முதலுக்கே மோசம். கூட்டிச் சொன்னால் வீடு விலை போகாமல் நிற்கும், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 30 லட்சம் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 30 ஆயிரம். ஓராண்டு காத்திருந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம் போய்விடும். ஆகவே முதலில் சொல்லும் விலையே சரியான விலையாக இருக்க வேண்டும்.

மூன்று விலைகள்

ஒரே தெருவில் மூன்று விலைகள் உண்டு. ஒன்று அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு. இரண்டாவது விற்பவர் கேட்கும் விலை. மூன்றாவது உண்மையில் கைமாறிய விலை. நமக்கு வேண்டியது மூன்றாவதுதான். மற்ற இரண்டும் அதைக் கண்டுபிடிக்க உதவுபவை.

வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் பார்க்கலாம். இது முத்திரைத் தீர்வைக்காக வைத்தது. மார்க்கெட் விலை அன்று. ஆனாலும் இதைப் பாராமல் விலை பேசக் கூடாது. வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு இதுவே 5 லட்சத்து 40 ஆயிரம். அவர் கையில் உள்ள பணத்தில் இதைக் கழித்துத்தான் நமக்கு விலை சொல்வார். மேலும், நாம் விற்ற தொகையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் அந்த மதிப்பையே விற்பனைத் தொகையாக எடுத்துக்கொள்வார்கள். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட நேரும்.

வில்லங்கச் சான்றும் நிலவரமே

வில்லங்கச் சான்று என்றால் அடமானம் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே என நினைக்கிறோம். அதில் அந்த சர்வே எண்ணில் நடந்த கிரயங்கள், தேதி, எழுதப்பட்ட தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றியே பார்வையிடலாம். நம் மனை இருக்கும் சர்வே எண்ணுக்கும், அதை ஒட்டிய எண்களுக்கும் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளைப் பார்த்தால், எத்தனை வீடுகள் கைமாறின என்பது தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் அது பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தம் வந்தது. வழிகாட்டி மதிப்பை ஒட்டியே கிரயம் எழுதும் வழக்கம் இருப்பதால், 2018 பத்திரத்தில் தொகை குறைந்திருப்பதைக் கண்டு விலை இறங்கியது என்றும், 2023 பத்திரத்தைக் கண்டு விலை எகிறியது என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. பத்திரம் யார், எப்போது வாங்கினார் என்று காட்டும். என்ன கொடுத்தார் என்பதை அவரிடமும், இரண்டு தரகர்களிடமும், வங்கிக்கு மதிப்பீடு செய்யும் பொறியாளரிடமும் தனித்தனியே விசாரித்தே அறிய வேண்டும்.

கேட்கும் விலைக்கும் ஒரு சோதனை உண்டு. விளம்பரங்களைத் தேதியுடன் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே வீடு அதே விலையில் நின்றால், அது மார்க்கெட் ஏற்காத விலை. நம் பகுதியில் எத்தனை வீடுகள் விற்பனைக்கு நிற்கின்றன என்பதும் இதில் தெரியும். வரத்து அதிகமானால் விலை என்னாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்கு

உதாரணமாக நம் வீடு 5 சென்ட், 1,000 சதுர அடி, இருபது வருடக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் மூன்று கிரயங்கள் நடந்துள்ளன. ஒன்று, 5 சென்டில் ஆறு வருட வீடு, 70 லட்சம். கட்டடத்துக்கு 18 லட்சம் கழித்தால் சென்ட் 10 லட்சத்து 40 ஆயிரம். இரண்டாவது, 4 சென்டில் பழைய வீடு, 45 லட்சம். கட்டடத்துக்கு 3 லட்சம் போக சென்ட் பத்தரை லட்சம். மூன்றாவது, 3 சென்ட் காலி மனை, 33 லட்சம். சென்ட் 11 லட்சம் ஆகிறது. ஆனால் அது மெயின் ரோட்டு மூலை மனை, அதை அப்படியே எடுக்கக் கூடாது. ஆக, சென்ட் பத்தரை லட்சம் என்றால் நம் மனைக்கு 52½ லட்சம். கட்டடத்துக்குச் சதுர அடி 900 வீதம் 9 லட்சம். மொத்தம் 61½ லட்சம். பேரத்துக்கு இடம் விட்டு 63, 64 லட்சம் கேட்கலாம். எண்பது கேட்டால் ஆள் வராது.

அடுக்குமாடி வீடானால், அதே கட்டடத்தில் அல்லது அதே வயதுள்ள கட்டடத்தில் விற்றதோடு மட்டும் ஒப்பிட வேண்டும். சொல்லும் சதுர அடியில் மாடிப்படி, நடைபாதை சேர்ந்திருக்கிறதா, மனையில் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேக்கம் கூடாது

வீடு விற்பனைக்கு வந்த முதல் ஒன்றிரண்டு மாதங்களில்தான் உண்மையாக வாங்குபவர்கள் வருவார்கள். அதன்பின் "ஏன் இன்னும் விற்கவில்லை, ஏதாவது வில்லங்கமா?" என்ற பேச்சு கிளம்பும், பிறகு நியாயமான விலைக்குக்கூட இறங்கிக் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் வாங்குபவர்கள் தயங்குவதால், தையிலோ ஆவணியிலோ பேச்சைத் தொடங்குவது நல்லது.

அட்வான்ஸ் உட்பட, வீட்டு விற்பனைக்கு 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டி வங்கி வழியாகவே வாங்குவது நமக்குப் பாதுகாப்பு. நாளை நம் தெருவில் விற்கப்போகும் இன்னொருவருக்கும் அதுவே உண்மையான நிலவரமாக அமையும்.

போட்ட செலவும், பிறந்து வளர்ந்த பாசமும் நமக்குப் பெரிது. ஆனால் வாங்குபவர் அவற்றுக்கு விலை கொடுப்பதில்லை. கடையில் கொள்முதல் விலையை மறந்து அன்றைய விலைக்கு விற்கத் தெரிந்த நாம், வீட்டுக்கும் அதே நிதானத்தைக் கடைப்பிடித்தால் நஷ்டப்பட மாட்டோம்.